நீடாமங்கலம் கேட், 11.6 வோல்ட்

நெல் ஏற்றிய கூட்ஸ்
முன்னே போய், நினைப்பு மாறிப் பின்னே வந்து,
மறுபடி முன்னே போயிற்று.
கேட் திறந்தபோது எல்லா வண்டியும் உறுமின.
என்னுடையது மட்டும் 'டிக்' என்றது.
இன்னொரு தரம் 'டிக்'.
பின்னால் மன்னார்குடி பஸ்
என் பரம்பரையையே ஹாரனில் விசாரித்தது.

தள்ளிவிட்டவர்களில் இருவர்
எனக்குத் தெரிந்த விவசாயிகள்.
தெரியாததுபோல் தள்ளினார்கள்.

கேட்டிலிருந்து நாற்பதடியில் பேட்டரிக் கடை.
இந்த இடத்தைப் பிடித்தவருக்கு
வியாபாரம் தெரியும்.
பக்கிரிசாமி மீட்டரை வைத்துப் பார்த்தார்.
"பதினொண்ணு புள்ளி ஆறு."
சாவியைத் திருப்பச் சொன்னார். எட்டுக்கு விழுந்தது.
"தை மாசம் என் நெல்லு பத்தொம்போதுன்னு
திருப்பி அனுப்புனீங்க மேடம், ஞாபகமிருக்கா?
அதையாவது ரோட்டுல கொட்டிக் காயவச்சேன்.
இதக் காயவைக்க முடியாது."

ஈரம் பதினேழுக்கு மேல் போனால் எடுக்கமாட்டோம்.
எண்களைப் படிப்பவள்தான் நான், எழுதுபவள் அல்ல
என்று அன்றைக்குச் சொல்லியிருந்தேன்.
இன்றைக்கு அதை அவர் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

அலமாரியில் இருந்ததிலேயே பெரியதைக் காட்டினேன்.
"அது டீசலுக்கு. உங்க தட்டுல உக்காராது.
உக்கார வச்சாலும் ஒயரு எட்டாது,
ப்ளஸ்ஸு அந்தப் பக்கம் இருக்கு பாருங்க."
பிறகு டாக்டர் மாதிரி ஆரம்பித்தார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?
ஆறு கிலோமீட்டர்.
ஞாயிற்றுக்கிழமை?
எடுப்பதில்லை.
கேட்டுல நிக்கும்போது பாட்டு, ஃபேன்?
இரண்டும். காரைக்கால் வானொலி.
தஞ்சாவூர், வேளாங்கண்ணின்னு தூரமா எங்கயாச்சும்?
முன்பு.

"செலவழிச்சது திரும்ப ஏறறதுக்கு
நீங்க நேரமே குடுக்கல. பேட்டரி மேல தப்பில்ல.
முப்பத்தஞ்சு ஆம்பியரே போதும்.
வாரத்துல ஒருநாளு திருவாரூர் வரைக்கும்
சும்மா ஓட்டிட்டு வாங்க."

சும்மா போக எனக்கு ஊர் இல்லை
என்று சொல்ல வாயெடுத்து
விலை கேட்டேன்.

மேலே பொறித்த எழுத்தைத் திருப்பிக் காட்டினார்.
ஒன்று எட்டு மாதத்துக்கு முன் செய்தது, ஒன்று போன மாதம்.
பழையது இருநூறு ரூபாய் குறைவு.
"கடையில உக்காந்தே பாதி செத்திருக்கும்.
குடோன்ல கெடக்குற நெல்லு படுற பாடு
உங்களுக்குத் தெரியாததா."
போன மாதத்ததை எடுத்தேன்.
என் பழையதைத் தூக்கி எடை போட்டு
எண்ணூறு கழித்தார்.
ஓடாவிட்டாலும் ஈயத்துக்கு விலை உண்டு.

ஸ்பேனரை மைனஸ் முனையில் வைத்தவர் நிமிர்ந்தார்.
"சின்ன பேட்டரி ஒண்ண இடையில கட்டிட்டு மாத்துனா
கடிகாரம் அழியாது. கட்டட்டுமா?
அது வேற ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது."

அந்த ஏழு நிமிடம் மதியழகன் வைத்தது.
கேட் போடுமுன் கடந்துவிடலாம் என்று.
ஒருநாளும் கடந்ததில்லை.
ஏழு கழிக்க இருவருக்கும் தெரிந்திருந்தது,
கழித்துக் கழித்தே தாமதமாகக் கிளம்பினோம்.
அவன் இப்போது ரயில் இல்லாத ஓர் ஊரில்.
கடிகாரம் மட்டும் மூன்று வருடமாக
அவன் அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மணி அடித்து
கேட் மறுபடி இறங்கத் தொடங்கியது.
வேண்டாம் என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
கையை ஆட்டினேன்.

ஒரே திருப்பு. பிடித்துக்கொண்டது.
பன்னிரண்டு, பூஜ்யம் பூஜ்யம்
பச்சையில் மினுக்கிக்கொண்டிருந்தது.
காரைக்காலும் போய்விட்டது, வெறும் இரைச்சல்.

வாரன்ட்டி அட்டையில் தேதியும் வண்டி நம்பரும் எழுதி
பெயர் கேட்டார். சொன்னேன்.
"இனிஷியலு?"

கூட்ஸ் பின்னே வந்துகொண்டிருந்தது.
கேட் திறக்கட்டும், சொல்கிறேன் என்றேன்.